சத்தம் போடாத கேமராவுக்கு நியாயம் கேட்கிறார்கள்

போன வாரம் கேமரா வாங்கப் போன நான், ஐடி கார்ட் போட்டோவோடு வீடு திரும்பினேன்.

சிரிக்காதீங்க. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஹட்டன் டவுனில் கேமராவும் விற்கிற, போட்டோவும் எடுக்கிற ஒரு கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் கேமராக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நான் ஒன்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைக்காரர் நிமிர்ந்தார். என் சேலையைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். என்ன வேணும் என்று கேட்டாரா? கேட்கவே இல்லை.

"ஐடி போட்டோதானே? உள்ள போய் ஸ்டூல்ல உக்காருங்கம்மா."

"இல்லைங்க..." என்றேன். அது எனக்கே கேட்கவில்லை, அவருக்கு எங்கே கேட்கும்? பின்னால் நாலைந்து பேர் நிற்கிறார்கள். எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி ஒரு கூச்சம். போய் உட்கார்ந்துவிட்டேன்! "தலைய நேரா வைங்க, சிரிக்காதீங்க" என்றார். நான் சிரிக்கிற நிலைமையிலா இருந்தேன்? எடுத்தார், நறுக்கினார், கவரில் போட்டு நீட்டினார். காசைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

எழுதும்போது இருக்கிற வாய் பேசும்போது எனக்கு இருக்காது. வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு அது தெரிந்த கதைதான்.

வீட்டுக்கு வந்தால் மகன் கவரைப் பிரித்துப் பார்க்கிறான். அவன் நோர்வூட்டில் ஆட்டோ ஓட்டுகிறவன்.

"என்னம்மா, ஐடி தொலைஞ்சிருச்சா?"

உண்மையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் கேட்டான் பாருங்கள் ஒரு கேள்வி — "இருக்கிற கேமராவுக்கு என்ன கேடு? நல்லாத்தானே படம் விழுது?"

விழுகிறதுதான். குவைத்தில் வீட்டு வேலை செய்த என் மகள், அந்த வீட்டுப் பெரியவர் ஒதுக்கிப் போட்ட கேமராவையும் ஒரு நீள லென்ஸையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து தந்தாள். தோட்டத்து வேலையிலிருந்து நான் நின்றபிறகு எனக்கு அதுதான் துணை. லென்ஸ் தங்கம். கேமராப் பாடியில்தான் வினை. பட்டனை அமுக்கினால் உள்ளே ஒரு சின்னக் கண்ணாடி எழும்பி விழுகிறது. 'டடக்' என்று ஒரு சத்தம். மலையில் காற்று நின்றிருந்தால் அந்தச் சத்தம் நாலு வரிசைத் தேயிலையைத் தாண்டிப் போகும்.

சத்தம் வந்தால் என்ன, என்று கேட்பீர்கள். மகனும் அதையேதான் கேட்டான்.

எங்கள் தோட்டம் மெயின் ரோட்டு வளைவில் இருக்கிறது. டூரிஸ்ட் வேன் நிற்காத நாள் கிடையாது. கொழுந்தெடுக்கிற பெண்களைப் படம் எடுக்க இறங்கி வருவார்கள். வருஷக்கணக்காக இது நடந்து, எங்கள் பெண்களுக்கு ஒரு பழக்கம் ஊறிவிட்டது. கேமராச் சத்தம் காதில் விழுந்தால் போதும் — யார் எடுக்கிறார்கள் என்றுகூடப் பார்க்க மாட்டார்கள் — முதுகு நிமிரும், கூடைக் கயிறு நேராகும், கை இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒரு கொழுந்தைத் தூக்கிப் பிடிக்கும், உதடு பல் தெரியாமல் அளவாக விரியும். ரோட்டுச் சிரிப்பு என்று அதற்குப் பேர் வைத்திருக்கிறேன். நானும் காலமெல்லாம் அதைச் சிரித்தவள்தான். அந்தப் படங்கள் எல்லாம் எந்த நாட்டுச் சுவரில் தொங்குகின்றனவோ! எங்கள் லயத்து வரிசை வீட்டுக் காம்பராவுக்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

இப்போது என் கேமராவுக்கும் அதே சிரிப்பு. என்னோடு ஒரே வரிசையில் நின்று கொழுந்தெடுத்தவர்கள், எனக்கும் ரோட்டுச் சிரிப்பு சிரிக்கிறார்கள்!

அதிலும் ராக்கம்மா. எனக்கு அடுத்த காம்பரா. அவள் சிரித்தால் லயமே திரும்பிப் பார்க்கும். பின்னந்தலை முதுகில் இடிக்கிற மாதிரி சாய்ந்து சிரிப்பாள். மாசக் கடைசியில் அவளை அவள் மகன் கொழும்புக்கு, தன் வீட்டோடு இருக்க அழைத்துப் போகிறான். என்னிடம் அவள் படம் நிறைய இருக்கிறது. ஒன்றில்கூட அவள் இல்லை. எல்லாவற்றிலும் டூரிஸ்டுக்கு நிற்கிற ஒருத்திதான் நிற்கிறாள்.

சத்தமே இல்லாத கேமரா இப்போது வந்திருக்கிறது. உள்ளே கண்ணாடி கிடையாது. ஒரு வளையம் போட்டால் பழைய லென்ஸையே மாட்டலாம், பாடி மட்டும் வாங்கினால் போதும். மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று சேர்த்த என் ஈ.பி.எஃப். காசில் மிச்சம் இருக்கிறது.

"போன்ல எடுங்களேன், அதுல சத்தத்த நிப்பாட்டலாம்" என்றான் மகன்.

"போன்ல எடுக்கணும்னா கிட்டக்கப் போகணும்டா. கிட்டப் போனா போஸ் குடுக்குறாளுக."

"சரி, வாங்குனா வருமானம் ஏதும் வருமா?"

இங்கேதான் நான் பயந்துபோய் ஒரு பொய் சொன்னேன். கல்யாண வீட்டு ஆர்டர் எடுக்கலாம் என்றேன். மறுநாளே ஆட்டோ ஸ்டாண்டில் பேசி ஒரு கல்யாணத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான்! நானோ பந்தியில்கூட யார் கண்ணிலும் படாத மூலையாகப் பார்த்து உட்காருகிறவள். மாப்பிள்ளையை "இப்பிடித் திரும்புங்க" என்று நான் சொல்வேனா? முடியாது என்றேன். "அப்ப எதுக்கும்மா வீண் செலவு?" என்றான்.

வீண் செலவா?

அவன் போன் மாற்றியபோது யாராவது நியாயம் கேட்டோமா? ஆட்டோவில் சீட்டுக்கு அடியில், சீட்டுக்கு மேலே, எங்கெங்கோ ஸ்பீக்கர் பூட்டியிருக்கிறான். அதில் என்ன வருமானம்? ஏறுகிறவர்களுக்குக் காதுவலி. வேனில் வந்து இறங்குகிறவர்கள் கழுத்து ஒடிகிற மாதிரி கேமரா மாட்டிக்கொண்டு வருகிறார்களே, அவர்களிடம் போய் "இது உங்களுக்கு எதுக்குங்க? இதால என்ன பிரயோசனம்?" என்று கேட்கச் சொல்லுங்கள் பார்ப்போம். கேட்க மாட்டோம். ஓடிப்போய் குடை பிடிப்போம்!

ஒரு பொம்பளை காசு செலவழித்தால் அது சோற்றுக்கு இருக்கணும், பிள்ளைக்கு இருக்கணும், இல்லையென்றால் சாமிக்கு இருக்கணும். இந்த மூன்றிலும் சேராவிட்டால் அதற்குப் பேர் ஊதாரித்தனம். யார் எழுதி வைத்த சட்டம் இது?

இதையெல்லாம் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுப்படியில் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாக வைத்தேன், அவ்வளவுதான். மருமகளுக்குப் புரிந்துவிட்டது.

"அத்தே, சேலைய மாத்துங்க. நானும் வாறேன்."

அதே கடை. அதே ஆள். என்னைப் பார்த்ததும், "என்னம்மா, போட்டோ காப்பி பத்தலையா?" என்றார்.

"கேமரா பாடி பாக்க வந்தோம்" என்றாள் மருமகள். "சத்தம் போடாதது."

"பிள்ளைகளுக்கு கிஃப்ட்டா?"

"அத்தைக்கு."

"இவங்களுக்கா? அம்மாவுக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிசு? அந்தா சின்னது இருக்கு, அமுக்குனா போதும்."

எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "அந்தப் பெட்டிய தொறங்க" என்றேன். நான்தான்! மருமகளே திரும்பிப் பார்த்தாள். திறந்தார். கையில் எடுத்தேன், அமுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. அதற்குப்பிறகு விலையைப் பற்றி நான் பேசவே இல்லை. பேரம் முழுக்க மருமகளுடையது.

சனிக்கிழமை மலைக்குக் கீழே பாதையில் நின்று லென்ஸை உயர்த்தினேன். ராக்கம்மா பார்த்துவிட்டாள். உடனே முதுகு நிமிர்ந்தது, கொழுந்து உயர்ந்தது, ரோட்டுச் சிரிப்பு வந்து உட்கார்ந்தது. போச்சு! இவ்வளவு காசைக் கொட்டியும் அதே படம்தானா?

அமுக்கினேன். அவள் அப்படியே நின்றாள். சத்தத்துக்குக் காத்திருக்கிறாள்! சத்தம் வந்தால்தானே அவளுக்கு விடுதலை?

"யக்கா, எடுத்துட்டீங்களா?"

நான் லென்ஸை இறக்கவே இல்லை.

"சீக்கிரம் எடுங்க யக்கா, கன்னம் வலிக்குது!"

பக்கத்து வரிசையில் ஒருத்தி, "கேமரா செத்துப்போச்சு போல!" என்றாள்.

கொழுந்தை வீசி எறிந்தாள் ராக்கம்மா. இடுப்பில் கை வைத்தாள். "ஈ.பி.எஃப். காசக் கொட்டி ஊமைக் கேமரா வாங்கிட்டு வந்து நிக்குது பாருங்கடி! ஆளும் ஊமை, கேமராவும் ஊமை!" என்றாள். தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள் — தலை பின்னால் சாய, கூடை ஒரு பக்கம் சரிய, மொத்த வரிசையும் சேர்ந்து சிரிக்க.

நான் அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

கீழே இறங்கி வந்தவளிடம் காட்டினேன். "ஐயையோ, இதென்ன கோலம்! பல்லுப் போன எடமெல்லாம் தெரியுது. கொழும்புல மருமக பாத்தா என்ன நெனைக்கும்? அழிங்க யக்கா!" என்றாள். அழிங்க அழிங்க என்றவள் கேமராவை மட்டும் கையிலிருந்து விடவே இல்லை. கண்ணுக்கு அருகே கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

அழித்துவிட்டேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அழிக்கவில்லை. அதற்கும் நியாயம் கேட்டுக்கொண்டு யாரும் என் வாசலுக்கு வராதீங்க!