அணைத்துக் கொடுத்த விளக்கு

வேலையில் பொய்யே சொல்லாத ஒருவனை நல்லவன் என்று சொல்லிவிடலாமா? எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம் வருகிறது.

அவருடைய அப்பா வைத்திருந்த பழங்காலத்துக் கார் அவர் அண்ணனுக்குப் போனது, பட்டறை தம்பியான இவருக்கு. என்ஜின் சூடானால், ஆயில் அழுத்தம் குறைந்ததை எச்சரிக்கும் விளக்கு எரிகிறது என்று ஒருநாள் அண்ணன் காரைக் கொண்டுவந்தார். இவர் விளக்கை மட்டும் நம்பி எதையும் சொல்லமாட்டார். என்ஜினில் இருந்த அதன் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தம் அளக்கும் தன் கேஜைத் திருகி, அரை மணி நேரம் என்ஜினை ஓடவிட்டார். முள் மெல்ல இறங்கிப் பூஜ்யத்தை ஒட்டி நின்றது.

"விளக்கு சரியாத்தான் சொல்லுது அண்ணே. பேரிங் தேஞ்சுபோச்சு. ஓட்டாதீங்க, என்ஜினைப் பிரிக்கணும்."

அண்ணன் அங்கிருந்த வாடிக்கையாளர்களைப் பார்த்துச் சிரித்தார். "இவன் பெத்த பொண்ணுக்குக் காய்ச்சல் கொதிச்சப்போ ஒண்ணுமில்ல, தானா சரியாயிடும்னான். காருல ஒரு விளக்கு எரிஞ்சா மட்டும் ஆபத்தாம்!"

அந்தப் பெண் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு மலையேறி சம்பந்தி வீட்டுக்குப் போகணும். விளக்கை மட்டும் அணைச்சுக் குடுடா, போதும்."

அப்படிக் கேட்டு வந்த எத்தனையோ பேரை இவர் திட்டித் துரத்தியிருக்கிறார். இம்முறை, "சரிண்ணே" என்றார். கேஜை எடுத்துவிட்டுச் சுவிட்சை மாட்டினார். டாஷ்போர்டுக்குப் பின்னால் கைவிட்டுப் பல்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாவியை நீட்டினார்.

மறுநாள் பாதி மலையில் என்ஜின் இறுகி, கார் நின்றுபோனது. ஏன் அப்படிச் செய்தார் என்று மனைவி கேட்டபோது, சட்டைப்பையிலிருந்த பல்பை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.