ராணி வேஷம் கட்டாத வருஷம்

பொங்கல் முடிந்து நெல் களத்துக்கு வந்துவிட்டால் எங்கள் ஜமாவுக்குப் புது வருஷம் பிறந்துவிடும். ஜமா என்றால் கூத்துக் குழு. ராஜா வேஷம் கட்டுகிறவனுக்குக் காட்டூரில் நிலமும் ஒரு பம்புசெட்டுக் கொட்டகையும் இருந்தன. அந்த வருஷம் என்னென்ன நாடகம், யாருக்கு என்ன வேஷம் என்பதெல்லாம் அந்தக் கொட்டகையில்தான் முடிவாகும். எங்கள் பக்கத்தில் ஜமாக்களுக்குப் பஞ்சமில்லை. எங்களுடையதில் ஒரு விசேஷம், அதில் முக்கால்வாசிப் பேர் ஆண்களை விரும்புகிற ஆண்கள். இன்றைக்கு இதற்கு நாகரிகமான பெயர்கள் வந்துவிட்டன. அன்றைக்கு ஊர் எங்களுக்கு வைத்திருந்த பெயரை எழுத எனக்கு இஷ்டமில்லை.

எண்பதாவது வருஷமோ, அதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னேபின்னேயோ. டூரிங் டாக்கீஸ் வந்து கூத்துக்குக் கூட்டம் குறைந்திருந்தது. பழசையே ஆடினால் இனி யாரும் பாய் விரித்து உட்கார மாட்டார்கள் என்று புது நாடகங்கள் போட முடிவு செய்தோம். அதில் ஒன்றை ராஜா வேஷக்காரன் எனக்காகவே எழுதியிருந்தான். எதிரி நாட்டில் சிறைப்பட்ட ராஜாவை மீட்க, ராணி வியாபாரி வேஷம் போட்டுக்கொண்டு கிளம்புகிற கதை. அதுவரை நான் கட்டிய ராணிகள் எல்லாம் மூலையில் நின்று அழுகிறவர்கள். இவள் விடிய விடிய ஆட வேண்டியவள். அவன் வசனத்தைப் படிக்கப் படிக்க நானும் கூடவே சொல்லிப் பார்த்தேன். எங்களுக்கு உடுப்பு தைத்துத் தோழி வேஷமும் கட்டிய பழவேற்காட்டு டெய்லர் பாய், காதலித்தால் இந்த மாதிரி ஒருத்தனைக் காதலிக்க வேண்டும் என்று என்னைக் கேலி செய்தார். எங்கள் விஷயம் ஜமாவில் யாருக்கும் ரகசியமில்லை.

வீட்டில் வேறு நாடகம் நடந்துகொண்டிருந்தது. நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. எங்கள் மீனவ கிராமத்தில் பழவேற்காட்டு ஏரியில் கண்ட இடத்தில் வலை போட முடியாது. இறால் வரும் இடங்களைக் குலுக்கிப் போட்டு முறை பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண் பிள்ளைதான் தலைக்கட்டு, தலைக்கட்டுக்குத்தான் பாடு. நைனா எழுந்திருக்காவிட்டால் எங்கள் வீட்டுப் பாடு போய்விடும். நான் எவ்வளவு நன்றாக வலை இழுத்தாலும் கல்யாணமாகாதவன் ஊர்க் கணக்கில் ஆளே இல்லை.

"ஒரு தாலியக் கட்டிடு நைனா," என்றார் அவர். எங்கள் பக்கத்தில் பிள்ளையையும் பிரியமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அப்பறம் ஒன் கூத்த எவன் கேக்கப் போறான்?"

அவர் சூதாகச் சொல்லவில்லை. அதைத்தான் நம்பினார். நானும் நம்பினேன். ஊர் கேட்பதைக் கொடுத்துவிட்டால் ஊர் நம்மை விட்டுவிடும் என்று கணக்குப் போட்டேன். ராஜா வேஷக்காரனிடம் சொன்னபோது, தனக்கும்தான் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது, தான் இன்னா குறைந்து போனோம் என்று சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு வரும். அவன் மேடையேறினாலும் மீசைதான், இறங்கினாலும் மீசைதான்.

மாசியில் அத்தை மகள் கழுத்தில் தாலி கட்டினேன். ஊர்க்கூட்டத்தில் என்னைத் தலைக்கட்டாகச் சேர்த்தார்கள். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு திரும்பியவனை நாட்டார் நிறுத்தினார். அவர்தான் எங்கள் ஊர்த் தலைவர். கோபமெல்லாம் இல்லை, வாத்சல்யமாகத்தான் பேசினார்.

"கல்யாணத்துக்கு மின்ன நீ இன்னா வேசம் கட்டினாலும் ஊர் கேக்கல. வெளாட்டுப் புள்ளனு வுட்டுட்டோம். இப்ப நீ தலைக்கட்டு. தலைக்கட்டு சேலை கட்டினா அந்த ஊட்டுப் பாடு ஊருக்கு வந்துரும்."

நைனாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் விழுந்த கையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடைக்குப் போக வழி என்று நான் நினைத்துக் கட்டிய தாலியே அந்த வழியை அடைத்துவிட்டது. இந்த மாதிரி முட்டாள்தனத்தை எங்கள் ஊரில் பிறந்தவன்தான் செய்ய முடியும்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைக்க இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. ஜமா காட்டூரில் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும். நான் இறால் பொறுக்கிக்கொண்டிருப்பேன். வலை இழுக்கும்போது ராணியின் வசனம் தானாக வாயில் வரும். பக்கத்துப் படகுக்காரன் திரும்பிப் பார்த்தால் இருமுவேன். மீசை வளர்த்தேன். ஊருக்கு அதில் பரம திருப்தி. கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர்தான், ஆனால் ஆத்திரத்தில் விழுந்து சாகலாம் என்று குதித்தால்கூட இடுப்பளவுதான் இருக்கும். வீட்டில் அவள் சோறு போடுவாள், நான் தின்பேன், திரும்பிப் படுப்பேன். அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் சண்டையாவது போடலாம் என்று நான் காத்திருந்தேன்.

சித்திரையில் எங்கள் ஊர் அம்மன் திருவிழாவுக்கு எங்கள் ஜமாவையே கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் புது நாடகம்தான். ராணி வேஷம் டெய்லர் பாய்க்குப் போயிருந்தது. கூத்து முடிந்து விடியும்போது, வேஷம் கலைப்பதற்கு முன் ராணிக்கு ஊர் சார்பில் சேலை போர்த்துவது வழக்கம். புதிதாகச் சேர்ந்த தலைக்கட்டுதான் அந்தச் சேலையைக் கொடுக்க வேண்டும். அந்த வருஷம் சேர்ந்தவன் நான் ஒருவன்தான்.

சேலை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. நீயே எடுத்து வா என்று பெண்டாட்டியைப் பொன்னேரிக்கு அனுப்பினேன். கூத்தன்று தலைக்கட்டுகளோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். பாய் நன்றாகவே ஆடினார். அவர் நன்றாக ஆட ஆட எனக்கு வயிறு எரிந்தது. விடிந்ததும் தாம்பாளத்தோடு மேடை ஏறினேன். பாய் குனிந்துகொண்டார், என் கண்ணைப் பார்க்கவில்லை. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை போட்ட சேலை. அவருடைய வெளுத்த தோளில் அது ஒட்டவே இல்லை.

ராஜா வேஷக்காரன் கிரீடத்தோடு பக்கத்தில் நின்றான். இத்தனை வருஷமாக என்னை 'வாடி போடி' என்று மட்டுமே கூப்பிட்டவன். ஊர் பார்க்கிறதே என்று இரண்டு கையையும் கூப்பினான்.

"வாங்க தலைவரே. நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றேன். வேறென்ன சொல்வது? அவன் கண்ணில் மை கரைந்திருந்தது. அது வியர்வையா வேறா என்று நான் நின்று பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் எரிச்சல் முழுவதையும் பெண்டாட்டி மேல் கொட்டினேன். செக்கச்செவேல் என்று இருக்கிற ஆளுக்கு இப்படியா மஞ்சள் எடுப்பார்கள், ஒரு சேலை எடுக்கத் தெரியாதா என்று கத்தினேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவருக்கா எடுத்தேன்? ஒன் நெறத்துக்குப் பாத்து எடுத்தேன் மாமா. எங்க ஊர்ல நீ ராணி கட்டி வந்தப்ப பாத்துருக்கேன். அன்னிக்கும் மஞ்சத்தான் கட்டினிருந்த. அவ்ளோ அழகா இருந்த."

சொல்லிவிட்டுக் குழலை எடுத்து மறுபடி ஊத ஆரம்பித்தாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கல்யாணமானதிலிருந்து அன்றைக்குத்தான் அழுதேன். அவள் என்னை வெறுத்திருந்தால், ஊரைக் கூட்டி நாறடித்திருந்தால், அன்றைக்கே பொன்னேரிக்கு நடந்துபோய் ரயில் ஏறியிருப்பேன். இவளை விட்டு ஓட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அன்று எங்கள் பாடு. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.