மேஸ்திரியின் தட்டு

திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மில்லில் வேர்க்கடலைப் பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்த பூமாலைக்குப் பிள்ளைகள் இல்லை, பூனைகள் இருந்தன. பூனை வளர்க்கிறேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. மில்லில் எலி பிடித்துக்கொண்டிருந்தவை அவள் வைக்கும் கருவாட்டுக் குழம்பின் வாசனை பிடித்து வீடு வரை வந்தன. வந்தவை திரும்பிப் போகவில்லை. அவற்றில் பெரியது ஒரு சாம்பல் நிறக் கடுவன். வேலை ஒன்றும் செய்யாமல் மூட்டைமேல் உட்கார்ந்து எல்லோரையும் முறைத்துக்கொண்டே இருந்ததால், மில் பெண்கள் அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்துவிட்டார்கள். நிஜ மேஸ்திரிக்கு அதில் கொஞ்சம் வருத்தந்தான்.

பூமாலை வீட்டில் ஒரு சட்டம் உண்டு. எல்லாப் பூனைக்கும் ஒரே தாம்பாளம். அவள் பிறந்தது மயிலம் பக்கத்துக் கிராமம். அங்கே டீக்கடையில் அவர்கள் தெருக்காரர்களுக்கென்று தனிக் கிளாஸ் இருந்தது, குடித்துவிட்டு அவர்களே கழுவிக் கவிழ்க்க வேண்டும். சிறுமியாக இருந்தபோது அதில் ஒன்றைத் தரையில் அடித்து உடைத்துவிட்டு ஓடிவந்தவள் அவள். அதற்காக அவள் அப்பா ஊர்க்காரர்களிடம் வாங்கிய அடியை அவளால் மறக்க முடியவில்லை. கல்யாணமாகி வந்த அன்றே கணவன் தேவசகாயத்திடம் சொல்லிவிட்டாள்: "எம் வூட்ல யாருக்கும் தனித் தட்டு, தனி ஏனம் கெடையாது."

எண்பத்தேழாம் வருஷம் மேஸ்திரி இளைத்துப்போனது. ஆசையாய்த் தாம்பாளத்துக்கு வரும், ஒரு வாய் வைக்கும், சூடு பட்டதுபோல் அலறிக்கொண்டு ஓடும். வாயிலிருந்து எச்சில் வடிந்தது. கிட்டே போனால் அழுகின நாற்றம் அடித்தது. பூமாலை ஈறில் உப்பும் மஞ்சளும் வைத்துப் பார்த்தாள். கை கிழிந்ததுதான் மிச்சம்.

"விழுப்புரத்துல மாட்டாஸ்பத்திரிக்குப் புதுசா ஒரு டாக்டரம்மா வந்துகீதாம். தூக்கிக்கினு போறேன்" என்றாள்.

"பூனைக்கு எவனாவது பஸ் ஏறுவானா? ஊரே சிரிக்கும்மே" என்றான் தேவசகாயம். ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை அவனுக்கு. ஊர் சிரிப்பது என்றால் பயம்.

அவள் கூடையில் வைத்து மேலே துணி கட்டிப் பஸ் ஏறிவிட்டாள். "கூடையில இன்னாம்மா, கோழியா?" என்று கண்டக்டர் கேட்டான். "மேஸ்திரி" என்றாள். அவன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தான்.

டாக்டர் கிருஷ்ணவேணி மேஸ்திரியின் வாயைத் திறந்து பார்த்தபோது முகம் சுளிக்கவில்லை. அதுவே பூமாலைக்குப் பாதி தெம்பு. ரத்தம் எடுத்து மெட்ராசில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் இருக்கும் தன் தோழிக்கு அனுப்பினாள். பதில் வந்தபின் பூமாலையை உட்காரவைத்துப் பேசினாள்.

"ஈறு அழுகிப்போச்சும்மா. ஆனா அது மட்டும் இல்ல. ரத்தத்துல ஒரு கிருமி இருக்கு. புத்துநோய் மாதிரி, அதுக்கு மருந்து கிடையாது. ஊசி போட்டுத் தூங்க வச்சிடலாம், வலி தெரியாமப் போயிடும். இல்லன்னா பல்லையெல்லாம் எடுத்துடலாம். வாய்வலி போயிடும், கரைச்ச சோறு சாப்பிடும். ஆனா ரத்தம் இவ்வளவு கம்மியா இருக்கறதால மயக்க மருந்துலயே போனாலும் போயிடும். பொழச்சாலும் எத்தினி நாள்னு சொல்ல முடியாது."

"பல்ல எடுத்துருங்க" என்றாள் பூமாலை. கண்ணெதிரே சோறு இருந்தும் தின்ன முடியாமல் அழுகிற உயிரை அவளால் பார்க்க முடியாது.

"இன்னொண்ணு. இதுக்குத் தனித் தட்டு, தனி இடம். எச்சில்லதான் பரவும். மனுசங்களுக்கு ஒட்டாது, பூனைக்குப் பூனை ஒட்டும். எல்லாத்துக்கும் ஒரே தட்டாம்மா?"

பூமாலை தலையாட்டினாள். போன மழையில் செத்துப்போன வெள்ளைக் குட்டி ஞாபகம் வந்தது. மேஸ்திரியை ஒட்டி நின்றே தின்னும் குட்டி அது. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் அவள் அழுதாள். நல்லது என்று செய்தது இப்படி ஆகுமென்று யார் கண்டது?

பல் எல்லாம் போய் மேஸ்திரி பிழைத்து வந்தது. மிச்சமிருந்த மூன்று பூனைகளும் மேஸ்திரி தின்ற தட்டு எதிலும் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பூமாலை அவற்றை வெளியே விட்டுத் தாம்பாளத்தையும் வெளியே வைத்தாள். நோயாளி வீட்டுக்குள், நல்லவை வேப்பமரத்தடியில். பிறகு ஒரு அலுமினியத் தட்டை எடுத்து மூலையில் வைக்கப் போனாள். குனிந்தவளுக்குக் கை இறங்கவில்லை. அதைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு, தன் தட்டில் சோற்றையும் மீனையும் பிசைந்து உட்கார்ந்தாள். ஒரு பக்கம் அவள், எதிர்ப்பக்கம் மேஸ்திரி.

"ஏம்மே, கருமம்! அது வாய வச்ச தட்டுலயா?" தேவசகாயம் எழுந்தே போய்விட்டான்.

"மனுசருக்கு ஒட்டாதாம். டாக்டரம்மாவே சொல்லிச்சி. தனியா ஒக்கார வச்சி நான் யாருக்கும் சோறு போட மாட்டேன்."

ஒரு வருஷத்துக்கும் மேலே அப்படித்தான் நடந்தது. மற்ற மூன்றும் நோய் இல்லாமல் கொழுத்துத் திரிந்தன. தேவசகாயம் தினமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தனியாகச் சாப்பிட்டான்.

மேஸ்திரி செத்த அன்று அவன்தான் குழி வெட்டினான். மத்தியானம் பூமாலை தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. தேவசகாயம் தன் தட்டுக்காகக் காத்திருக்கவில்லை. எதிர்ப்பக்கம் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்து, அவள் தட்டிலேயே கைவைத்தான்.

"துன்னு பூமாலை" என்றான்.