துரை பங்களா அலமாரியில் என் பெயர்

செத்ததை அலமாரியில் பூட்டி, உயிரோடு இருப்பதற்குத் தண்ணீர் ஊற்றுவதுதான் உயிரியல் கட்டடத்தில் சிற்றூழியன் வேலை. எங்காவது ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவியிருந்தால் நீங்களும் என் கட்சி.

முன்கதவு

தெஹியோவிட்டவுக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தின் பழைய துரை பங்களாதான் பிற்பாடு பல்கலைக்கழகத்துக்குப் போனது. கீழே விலங்கியல், மேலே தாவரவியல். துரை காலத்தில் என் அப்பா பின்பக்கச் சமையற்கட்டு வாசலைத் தாண்டியதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கும் கால் தானாகப் பின்பக்கம் போய்விட்டது. மரப்படியில் நின்ற தாவரவியல் மேடம் யாழ்ப்பாணத்துக்காரர். சிரிக்காமல் கேட்டார்: "முன்கதவு திறந்துதானே கிடக்கு, ஏன் அண்ணை சுத்தி வாறியள்?"

சுத்தமான பாத்தி

பின்னால் இருந்த பாத்தியை என் பொறுப்பில் விட்டார்கள். தோட்டத்துக் கை சும்மா இருக்குமா? ஒரு புல் விடாமல் வேரோடு பிடுங்கி, மண் பளிச்சென்று தெரிய, கங்காணி மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றேன். மேடம் ஓடிவந்து தலையில் கை வைத்தார். அவருடைய ஆராய்ச்சியே அந்தக் களைகள்தானாம். வீட்டில் சொன்னபோது, ரப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த என் பெண்சாதி வயிறு வலிக்கச் சிரித்தாள்: "புல்லு புடுங்குனதுக்கு ஏச்சு வாங்குன மொத ஆளு இந்தத் தோட்டத்துலயே நீங்கதாங்க!"

சீட்டு

பிடுங்கியதற்கு ஈடாக அதே களைகளைத் தேடி மூன்று ஞாயிற்றுக்கிழமை மழையில், அட்டைக்கடியோடு, மலை உச்சிக் காட்டுக்கு ஏறினேன். கொண்டுவந்ததில் ஒரு சின்னச் செடியைக் கட்டடத்தில் யாருக்கும் தெரியவில்லை. தாவரவியலுக்குத் தலைவரான பேராசிரியர் அதை அமுக்கிக் காயவைத்துத் தாளில் ஒட்டினார். தாளின் மூலையில் ஒட்டும் விவரச் சீட்டில் 'சேகரித்தவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக்கொண்டார்.

அட்டை கடித்தது என் காலைத்தானே என்றேன். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவருக்கு நான் குட்மோர்னிங் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் சொன்னது இதுதான்: "நீ எடுத்தது புல்லு. நான் பார்த்த பிறகுதான் அது செடி."

கடைசி நாள்

அந்தச் செடித் தாள்களைப் பூட்டி வைத்திருக்கும், நாப்தலின் வாசமடிக்கும் அலமாரியை நான் ஓய்வு பெற்ற அன்று மேடம் திறக்கச் சொன்னார். அந்த வாசத்துக்காகவே இப்போதும் கட்டடத்துப் பக்கம் போகத் தோன்றும். பதினோரு வருஷமாக நான் முணுமுணுத்ததை மேடம் மறக்கவில்லை. ஒட்டிய பழைய சீட்டைக் கிழிப்பது அங்கே வழக்கமில்லை. திருத்தம் இருந்தால் பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டுவார்கள். வெறும் சீட்டு ஒன்றையும் பேனாவையும் நீட்டினார். ஐந்தாம் வகுப்போடு நின்ற கையால் பேனாவை வாங்கினேன். 'சேகரித்தவர்' என்று போட்டு, என் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்தே எழுதினேன். எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மேடம் பசையை ஊதிக் காயவைத்தபடி சொன்னார்: "கோணலா இருந்தா என்ன அண்ணை, இனி ஒருத்தராலயும் இதைக் கழட்டேலாது."

பேராசிரியரை நான் இன்னும் மன்னிக்கவில்லை, ஆனாலும் துரை பங்களா மாடியில் அவரும் நானும் ஒரே தாளில் தோளோடு தோள் ஒட்டித்தான் கிடக்கிறோம்.