தண்ணீர் விட்ட மூலை

ஆமாம், பேத்திக்கு மூக்கு என்னுடையதுதான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். ஆனால் நான் சொல்ல வந்தது பேத்தியைப் பற்றி இல்லை, அவளைப் பெற்ற என் மாப்பிள்ளையைப் பற்றி. அவர் மேஸ்திரி. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கல்யாணம் பேச வந்த அன்றும் எங்கள் வீட்டுச் சுவரைத் தட்டினார். "என்னைப் பார்க்க வந்தீங்களா, சுவரைப் பார்க்க வந்தீங்களா?" என்று என் மகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆற்று மணலிலேயே கை பழகியவர். அது கிடைக்காமல் போனதும் எம் சாண்டுக்கு மாறினார். பாறையை மெஷினில் உடைத்து எடுக்கிற மணல் அது. ஆற்று மணல் தண்ணீரில் உருண்டு உருண்டு வழவழப்பாக இருக்கும். இதற்கு முனை உண்டு. அதனால் கலவை விறைப்பாக நிற்கும். பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் பத்தவில்லை என்றுதான் தோன்றும். அதை நம்பி ஊற்றினால் போச்சு, காய்ந்த பிறகு பலம் இருக்காது. தண்ணீருக்குப் பதிலாகக் கலவையை இளக்குகிற மருந்து ஒன்றை அளவாகச் சேர்த்து, வைப்ரேட்டர் போட்டு அதிரவைத்து இறக்க வேண்டும். அவர் சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

தெருமுனையில் இருக்கிற தையல்கார அம்மாவுக்கு அவர்தான் வீடு கட்டுகிறார். அங்கே கான்கிரீட் தளம் போட்ட அன்று, பாதி வேலையில் என் மகளுக்கு வலி எடுத்தது. நான்தான் போன் செய்தேன். மிக்சர் ஓட்டுகிறவரிடம், "அண்ணே, கலவை எப்படி இருந்தாலும் தண்ணி மட்டும் கூட விட்றாதீங்க" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார்.

பேத்தி பிறந்தாள். நான் வராந்தாவில் போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்திச் சொன்னேன். மாப்பிள்ளை சாயங்காலம் இனிப்புப் பொட்டலத்தோடு வேலை நடந்த இடத்துக்குப் போனார். மாடிப்படிப் பக்கத்து மூலையில் சிமெண்ட் பால் மிதந்துகொண்டிருந்தது.

"தண்ணி விட்டீங்களா?"

"கொஞ்சந்தான், மேஸ்திரி. கலவை கல்லு மாதிரி நின்னுது. சட்டி தூக்குற பொம்பளைங்க கை கடுக்குதுன்னாங்க. மனசு கேக்கல."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பிள்ளை பொறக்குற நேரத்துல கூப்பிட்டு, தண்ணி விடவான்னு கேக்கச் சொல்றீங்களா?"

அதற்கு மேல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி அறையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார். கண் மட்டும் மேலேயே இருந்தது.

"பிள்ளை மூஞ்சியைப் பாருங்க. ஆஸ்பத்திரிக் கூரை நல்லாத்தான் இருக்கு" என்றாள் என் மகள்.

"பார்த்துட்டுத்தானே இருக்கேன்."

"எதை?"

அவர் மறுபடி ஜன்னல் பக்கம் நடந்தார்.

தளத்தை நனைக்கப் போகும்போதெல்லாம் ஆணியால் கீறிப் பார்த்தார். மற்ற இடத்தில் ஆணி வழுக்கியது. அந்த மூலையில் பொடி வந்தது. சுத்தியலால் தட்டினாலும் அங்கே மட்டும் சத்தம் மந்தமாகக் கேட்டது. மிக்சர்க்காரர் சமாதானம் சொன்னார்: "மேல தரை போட்டுடுவோம், கீழ பூசிடுவோம். யாருக்குத் தெரியப்போகுது, விடுங்க மேஸ்திரி."

மகளும் பேத்தியும் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதைதான். நின்றுகொண்டே சாப்பிட்டார். பாதிச் சாப்பாட்டில் என்னைப் பார்த்து, "மாமா, அந்த மூலைக்கு நேர் கீழதான் அந்தம்மா மெஷின் போடப்போறாங்க. நாள் பூரா அங்கதான் உட்காருவாங்க" என்றார். கையைக் கழுவினார், செருப்பை மாட்டினார். நானும் கூடவே போனேன்.

தையல்கார அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மெஷினை நிறுத்தினார்.

"இடிக்கணுமா?"

"அந்த மூலையை மட்டும், அக்கா. தளத்தைத் தாங்குற முட்டு இன்னும் பிரிக்கல. என் பொறுப்புல திரும்பப் போட்டுத் தரேன்."

"நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"சொல்லாம இருந்து பார்த்தேன். முடியல."

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. "சட்டைக் கை கோணலா போச்சுன்னா நானும் பிரிச்சுத்தான் தைக்கிறேன். இடிங்க. ஆனா இந்தத் தடவை நடுவுல எந்திரிச்சு ஓடக் கூடாது, சொல்லிட்டேன்."

அவரே உளியை எடுத்து, கம்பி தெரிகிற வரைக்கும் கொத்தி எடுத்தார். இன்று அந்த மூலைக்கு மறுபடி கான்கிரீட். காலையில் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். பேத்தியின் உள்ளங்காலை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து தன் போனை என் கையில் வைத்தார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும், மாமா. இன்னொரு பிள்ளையே பொறந்தாலும், கான்கிரீட் முடிஞ்சப்புறம் சொன்னாப் போதும்."