லூர்துசாமி பூட்டாமல் விற்ற பாட்டுகள்

செவ்வாய்க்கிழமை அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் செருப்பு மாட்டும்போது போன் வந்தது. லூர்துசாமியின் மகள் ஸ்டெல்லா. "மாமா, அப்பா போயிட்டாரு" என்றாள். அன்று காலையில்தான் ஒரு பாட்டின் தாளத்தைப் பற்றி அவரோடு போனில் சண்டை போட்டிருந்தேன். தாளம் தப்பு என்று இப்போதும் சொல்வேன். கேட்கத்தான் அவர் இல்லை.

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவர் வைத்திருந்த ஒலிப்பதிவுக் கடையை உங்களில் பலர் அறிவீர்கள். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்துக்கொண்டே தானாக ஆர்மோனியம் பழகிய என்னை, சங்கீதம் படித்தவர்கள் திரும்பிப் பாராத நாளில், மைக் முன்னால் உட்கார வைத்தவர் அவர். கேசட் காலத்தில் என் பாட்டுகளை யார் யாரோ ஊர் ஊராகப் பிரதி எடுத்து விற்றார்கள். உறையில் என் பெயர்கூட இல்லை. பழனி பஸ்ஸில் என் குரல் பாடிக்கொண்டிருந்தது. பாடியது நான்தான் என்றதற்கு நடத்துநர் சிரித்தார். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் இணையத்தில் பாட்டு விற்கும் காலம் வந்தபோது, பிரதி எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டு விற்கும் ஒரு நிறுவனத்திடம் என் பாட்டுகளைக் கொடுத்தேன். வாங்கியவரின் ஒரே கணினியில் மட்டும்தான் அவை பாடும். லூர்துசாமிக்குப் பிடிக்கவில்லை.

"பூட்டுப் பட்டறை வீட்டுல பொறந்துட்டு, நீயே பூட்டு வேணாங்குறியே லூர்து!"

"அதனாலதான் சொல்றேன் பாய். எங்கப்பா பூட்டு வித்தா சாவியையும் சேத்துத்தான் குடுப்பாரு. இவங்க பூட்டை வாங்குனவன் கழுத்துல மாட்டிட்டு, சாவியத் தன் இடுப்புல சொருகிக்கிறாங்க."

நான் கேட்கவில்லை.

ஒரு நாள் நான் லூர்துசாமி கடையில் இருந்தபோது, பக்கத்து ஆத்தூரிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். பழைய கணினி கெட்டுப் புதியது வாங்கியிருந்தார். காசு கொடுத்து வாங்கிய என் பாட்டுகள் அதில் பாடவில்லை. "அம்புட்டுப் பாட்டையும் வெலைக்கு வாங்குனேனா, வாடகைக்கு எடுத்தேனா? அதச் சொல்லுங்க மொதல்ல" என்று கடையில் நின்று கேட்டார். மூலப் பதிவு லூர்துசாமியிடம் இருந்தது. எனக்குத் தெரியாமல் கொடுத்திருக்கலாம். ஆனால் லூர்துசாமி என் முகத்தைப் பார்த்தார். கூடாதென்று தலையசைத்தேன். டீச்சர் வெறுங்கையோடு பஸ் ஏறினார். "உங்க பாட்டு பாய், உங்க வார்த்ததான்" என்றார் லூர்துசாமி. அன்று எனக்கு டீ மட்டும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் மூடப்பட்டது; சாவி கொடுக்க ஆள் இல்லை. என் கணினியைப் பழுதுபார்த்த பிறகு, நானே வாங்கி வைத்திருந்த என் பாட்டு திறக்கவில்லை. உங்களுக்கு அனுமதி இல்லை என்று திரையில் வந்தது. எனக்கு! நான் மெட்டுப் போட்டு நான் பாடிய பாட்டுக்கு!

லூர்துசாமி சிரிப்பார் என்று பயந்துகொண்டே போனேன். "செத்த நேரம் உக்காருங்க பாய்" என்று மூலப் பதிவைப் போட்டார். பாட்டு முழுவதும் முடிந்த பிறகுதான் பேசினார். "உங்க கோவம் பிரதி எடுத்ததுல இல்ல, பேரு போனதுல. பாட்டுக்கு முன்னாடி உங்க பேர உங்க வாயாலயே சொல்லிருங்க. அது எத்தன பேருக்குப் போனாலும் கூடவே நீங்களும் போவீங்க."

அன்றே பெயரைச் சொல்லிப் பதிவு செய்தோம். பூட்டில்லாத பாட்டுகளைக் கடையிலேயே விற்கத் தொடங்கினார். முதல் பிரதியோடு டவுன் பஸ்ஸில் ஆத்தூர் போய், டீச்சர் கையில் நானே கொடுத்தேன். "இதாவது எங்கிட்டயே இருக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்.

பெயரை வெட்டிவிட்டுப் பரப்புகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களை நான் மன்னிக்கவில்லை. அவர்களுக்காக, வாங்கியவர் வீட்டுப் பாட்டை ஊமையாக்கவும் மாட்டேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் ஒரு செயலி நிறுவனத்திலிருந்து என் பாட்டுகளைக் கேட்டுப் பேசினார்கள். சந்தா கட்டிக்கொண்டிருக்கும்வரை மட்டும் ஒருவர் பாட்டைக் கேட்கலாம். கடை விற்பனையை நிறுத்த வேண்டும். "இப்ப எல்லாரும் இப்படித்தான் சார் குடுக்குறாங்க" என்றார் பேசியவர். "நான் குடுக்கல தம்பி" என்று போனை வைத்தேன். ஸ்டெல்லா கடையைத் திறந்துவிட்டாள். பாட்டுகள் விலைக்குக் கிடைக்கும்.

பிடிவாதம் எனக்குப் பிறவிக் குணம். அது எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று காட்டியவர் லூர்துசாமி. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பக்கத்தைத்தான்.