சித்திரை மாதத்துப் பனி

போன வாரம் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குத் தர ஆய்வுக்காகப் போயிருந்தேன். வாசலில் செக்யூரிட்டிப் பெண் என் போனை வாங்கித் திருப்பி, கேமரா மேல் குட்டியாக ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துக் கொடுத்தாள். உள்ளே யாரும் எதையும் படமெடுத்துவிடக் கூடாதாம். பசை வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா மேடம் சிரிக்கிறீங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்று உள்ளே போய்விட்டேன். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன், உங்களுக்கு ஷிப்டுக்கு நேரமாகவில்லை என்றால்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. இதே ஒரகடத்தில், கார்களுக்கு ஒயர் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் வேலை. என் வேலை பார்ப்பது. வெறுமனே பார்ப்பது. விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே ஒவ்வொரு கனெக்டராக வரும். கீறல், பிசிறு, கறை ஏதாவது இருந்தால் சிவப்புத் தொட்டியில் போடவேண்டும். முடியளவு கீறல்கூட இந்தப் பெண் கண்ணுக்குத் தப்பாது என்று சூப்பர்வைசர் நாலு பேர் எதிரில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெருமையில் நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரமே என் மானம் போகப்போகிறது.

எட்டு மணி நேரம் ஒரு சாண் தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்கு வேறு பசி வரும். தூரமாக எதையாவது பார்க்கவேண்டும். சுங்குவார்சத்திரத்தில் எங்கள் ஹாஸ்டல் ஜன்னலைத் திறந்தால் அடுத்த ஹாஸ்டலின் சுவர். அதில் காயும் நைட்டிகள். போனில் யார் யாரோ தன்னந்தனியாகப் பனிமலைக்கு வண்டி ஓட்டிப்போய் எடுத்த படங்களாகப் பார்த்துப் பார்த்து, நானும் ஒரு நாள் தனியாகப் போய் மலையைப் படமெடுப்பது என்று முடிவு செய்தேன். இமயமலைக்கு லீவு போதாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அடங்குகிற மலை ஜவ்வாது மலைதான்.

இதில் ஒரே ஒரு சிக்கல், அப்பா. செய்யாறு பக்கம் எங்கள் ஊரிலிருந்து என்னை ஹாஸ்டலுக்கு அனுப்பும்போதே அவர் கறாராகச் சொல்லியிருந்தார். "கம்பெனி, ஹாஸ்டல், வூடு. நாலாவதா ஒரு எடத்துல நீ நின்னன்னு தெரிஞ்சுது, மூட்டையக் கட்டிகினு வந்துடணும்." வந்தால் கட்டிவைக்க அத்தை மகன் தயாராக இருந்தான். நல்ல பையன்தான், என்ன, நான் எது சொன்னாலும் "அப்டியா?" என்பான். ஆயுசு முழுக்க அந்த அப்டியாவைக் கேட்க என்னால் முடியாது.

ஆகவே வீட்டில் "ஞாயித்துக்கிழமை ஓட்டி" என்றேன், ஓவர்டைம் வேலையாம். வார்டனிடம் "ஊருக்குப் போறேன்" என்றேன். ஒருவருக்கொருவர் போன் செய்துகொண்டால் கதை முடிந்தது. வண்டி என் அறைத்தோழி செல்வியுடையது. சிவகங்கைக்காரி. சாவியைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு, "எங்கூருல எங்கிட்டுப் பாத்தாலும் கருவக்காடு. சும்மா வந்து நிக்காத, எனக்கு ஒரு மலையக் கொண்டாந்து குடு" என்றாள்.

காஞ்சிபுரம் தாண்டி செய்யாறு வழியாகப் போவதுதான் குறுக்கு வழி. ஆனால் அங்கே டீக்கடைக்கு ஒரு மாமா இருப்பார். அதனால் ஆற்காட்டைச் சுற்றிக்கொண்டு, துப்பட்டாவால் முகத்தைக் கண்மட்டும் தெரியக் கட்டிக்கொண்டு, வங்கிக் கொள்ளைக்காரி மாதிரி போனேன். சித்திரை மாதம். போளூர் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் வண்டி இருமியது. நான் அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தேன். ஒவ்வொரு வளைவிலும் கீழே இருந்த ஊர்கள் சுருங்கிக்கொண்டே போயின. மேலே போனால் பாறையும் காடும் மடிப்பு மடிப்பாக நீலமும், அதற்குப் பின்னால் இன்னும் நீலமும். தூசியில்லாத வெளிச்சம். நான் வண்டியை நிறுத்திவிட்டு வாய்விட்டு அழுதேன். ஏன் என்று இப்போதும் விளக்கத் தெரியவில்லை, கண்ணுக்குச் சாப்பாடு கிடைத்த சந்தோஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலாப்பழம் விற்ற ஒரு அம்மா, "கூட யாரும் வர்லியா?" என்று கேட்டார். "பின்னாடி வராங்க" என்றேன். அன்றைய மூன்றாவது பொய்.

மலை, பாறை, மேலே இருந்த ஏரி என்று நூற்றுக்கு மேல் படம் எடுத்தேன். வெயிலில் போன் திரை ஒன்றும் தெரியவில்லை. எல்லாம் குத்துமதிப்புதான். எட்டு மணிக்கு ஹாஸ்டல் கேட்டைச் சாத்துவதற்குள் வந்து சேர்ந்து, செல்வியின் கட்டிலில் உட்கார்ந்து பெருமையாகப் படங்களைத் திறந்தேன்.

எல்லாப் படத்திலும் பனி. வெள்ளை வெளேரென்று. மலை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் திட்டு. செல்வி படங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போனைத் திருப்பி கேமராவை நகத்தால் சுரண்டினாள். மாசக்கணக்கில் எங்கள் கம்பெனி வாசலிலும் தினம் ஒட்டிப் பிய்த்த ஸ்டிக்கரின் பசை, வெண்ணெய் மாதிரித் திரண்டு வந்தது. "ஏ ஆத்தி! மலையக் கேட்டா பொகையக் கொண்டாந்திருக்க. நீதான் அங்கன கறை பாக்குறவளா?"

இருந்தாலும் ஆசை விடுமா? ஏரிப் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன். தம்பி, அத்தை, சித்தப்பா என்று ஒருவர் விடாமல் மறைத்தேன். அப்பாவை மட்டும் விட்டுவிட்டேன். பட்டன் போனை விட்டு அப்போதுதான் மாறியிருந்தார், ஸ்டேட்டஸ் எல்லாம் அவருக்கு எங்கே தெரியும் என்று ஒரு அலட்சியம். மறுநாள் காலை போன் வந்தது.

"ஓட்டின்னு சொன்ன, ஏரியாண்ட நின்னு போட்டோ எடுத்துகினு கீற?"

எனக்கு அத்தை மகன் முகம் தெரிந்தது. "கம்பெனி பக்கத்து ஏரிப்பா. பிரேக்ல எடுத்தேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நல்லாத்தான் கீது. பனி ஜாஸ்தியா கீதே, காதை மூடிக்க" என்று வைத்துவிட்டார். அந்த வாரமே ஊர்க்காரர் ஒருவரிடம் கம்பளிக் குல்லா ஒன்று கொடுத்தனுப்பினார். ஒரகடத்தில் தார் உருகுகிற வெயில். செல்வி அதைத் தலையில் மாட்டிக்கொண்டு அறை முழுக்க ஆடினாள். எனக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. பிழைத்தேன் என்ற சிரிப்பு. அப்பாவை எவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட்டேன் என்ற சிரிப்பும்தான்.

என்றைக்காவது அவரிடமே சொல்லிச் சிரிக்கலாம் என்று வைத்திருந்தேன். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அப்பா விவசாயி. காற்று திரும்புவதை வைத்தே மழை எந்தப் பக்கம் என்று சொல்கிறவர். சித்திரையில் ஒரகடத்தில் பனி இறங்காது என்று அவருக்கா தெரியாது? அந்தக் கொஞ்ச நேர மௌனத்தில் அவர் என்ன நினைத்தார் என்று இனி யாரிடம் கேட்பது?

செல்வி ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனாள், அவள் நம்பர் மாறிவிட்டது. அத்தை மகன் வேறு யாருக்கோ அப்டியா சொல்லிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறான். என்னிடம் இப்போது காரும் நல்ல கேமராவும் இருக்கின்றன. போன வருஷம் இமயமலைக்கே தனியாகப் போய்வந்தேன். படமெல்லாம் துல்லியம், ஒவ்வொரு பாறையும் தெரிகிறது. எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்க ஒருவரும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஆற்காட்டைச் சுற்றிக்கொண்டு போனேன்.